செவலையின் கொம்புக் குப்பி

பொறாமையே பட்டதில்லை என்று நம் வயதுக்காரர்கள் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பல் போய்விட்டது, பார்வை பாதி போய்விட்டது, அது மட்டும் போகவில்லை. எனக்குப் போகவில்லை, உங்கள் சங்கதி எனக்குத் தெரியாது. மாட்டுச்சந்தையும் கட்டுத்தரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள் என்பதால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு கன்றுக்குட்டிக்கா இத்தனை என்று கேட்கும். ஆமாம், ஒரு கன்றுக்குட்டிக்குத்தான்.

எங்கள் தோட்டம் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், போதமலையைப் பார்த்தாற்போல் இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது. வீட்டில் அப்பாவைப் பெற்ற அப்பாரு, அப்பா, அம்மா, சித்தப்பா, சின்னம்மா, நான், பிறகு சித்தப்பா மகள். அவள் என்னைவிட நான்கு மாதம் இளையவள். அந்த நான்கு மாதத்துக்காக வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். கூப்பிடுகிற குரலில் இருக்கும் பணிவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் நிறமாக இருப்பாள். சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். ஒறம்பரை, சொந்தக்காரர் என்று யார் வந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டு மடியில் உட்கார வைப்பார்கள். ஒருமுறை ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு, என்னைப் பார்த்து, "இதும் இந்த ஊட்டுப் புள்ளைதானுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே ஆமாங்க என்றாள். அந்தச் சிரிப்பை நான் அம்மாவுக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குத்தான் மேல்கை. எங்கள் அம்மா பிறந்த வீட்டுச் சீராக வந்த பசுவும், சின்னம்மா பிறந்த வீட்டுச் சீராக வந்த பசுவும் ஒரே வாரத்தில் காளைக்கன்று போட்டிருந்தன. எங்கள் பசு போட்டது மயிலை, சாம்பல் நிறம். அவர்கள் பசு போட்டது செவலை. மயிலை என்னுடையது, செவலை அவளுடையது என்று நாங்களே வைத்துக்கொண்டோம். இரண்டுக்கும் ஒரு வயது தாண்டி, கொம்பு விரல் நீளம் வளர்ந்திருந்தது. நான் என் மயிலையைத் தினமும் கிணற்று வாய்க்காலுக்கு ஓட்டிப் போய், வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். அதன் முதுகில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அவள் செவலையைக் கட்டுத்தரையில் கட்டியதோடு சரி. சாணி அப்பிக் காய்ந்த தொடையோடு அது நிற்கும்.

அந்த வருடம் சோளத்தட்டு சரியாக விளையவில்லை. அப்பாரு தட்டுப்போரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கன்னுக்கும் தீவனம் காணாது. ஒன்ன வெச்சுக்குவோம், இன்னொன்னு தை முடிஞ்சு சந்தைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். எது நிற்பது, எது போவது என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண் உள்ளவன் எவனும் மயிலையைத்தான் நிறுத்துவான்.

கார்த்திகையில் கடலை பிடுங்கி முடித்த காட்டில் ஒரு மழை பெய்தது. மழை பெய்தால் மண்ணுக்குள் தப்பிய கடலை மேலே தெரியும். எல்லோரும் ஆளுக்கொரு குச்சியோடு கிளறிப் பொறுக்கப் போவோம். முளைவிட்ட கடலையின் மணமும் ஈரமண்ணின் மணமும் நகக்கண்ணிலேயே நாள் முழுக்க இருக்கும். எங்கள் குலசாமி கருப்பணசாமி கோயிலை ஒட்டிய வயலில் நான் கிளறிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கடலை என்று நினைத்து எடுத்தது கனத்தது. எச்சில் தொட்டுச் சேலையில் துடைத்தேன். வெள்ளி. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்த சின்னக் குப்பி. மேலெல்லாம் அம்மை வடு போலப் புள்ளி புள்ளியாகக் குழி. விளிம்பைச் சுற்றி ஒரு குட்டிப் பூவும், அதற்குப் பக்கத்தில் நம் எழுத்தாக இல்லாத ஏதோ எழுத்தும்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? விரலில் மாட்டினேன். சுண்டுவிரலில் ஆடியது. நடுவிரலில் சரியாக உட்கார்ந்தது. அதைத் தூக்கிப் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா என் கையிலேயே ஓர் அடி வைத்தாள்.

"சாமி எடத்துல கெடந்த பண்டத்த விரல்ல மாட்டுவியா? கழட்டு மொதல்ல!"

அந்த வீட்டிலேயே அந்தப் பொருளைச் சரியாக மாட்டியவள் நான் ஒருத்திதான். அடி வாங்கியவளும் நான்தான்.

குப்பி அப்பாருவிடம் போயிற்று. அப்பாரு மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர். சுழி பார்த்து மாட்டின் சாதகத்தையே சொல்லிவிடுவார். அவர் கையில் எது கிடைத்தாலும் அது மாட்டுச் சாமானாகத்தான் இருக்கும். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு கண் கலங்கிவிட்டது.

"இது கொம்புக் குப்பி. எங்கப்பாரு காலத்துல கருப்பணசாமிக்குன்னு ஒரு காளை உட்டிருந்தாங்க. அந்தச் சாமி மாட்டோட கொம்புல இருந்ததுதான் இது. கன்னாயிருக்கையில போட்டிருப்பாங்க."

"எழுத்து என்னமோ இருக்குதுங்களே?" என்று சித்தப்பா கேட்டார்.

கணக்குப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இங்கிலீசு எழுத்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார், வியர்த்தது, கடைசியில், "எழுத்து இங்கிலீசு மாதிரிதான் இருக்குதுங்க. சொல்லு இங்கிலீசு இல்லீங்க" என்றார்.

அப்பாருவுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. "அப்பிடின்னா ஆரோ ஒரு தொரை நேந்துக்கிட்டு நம்ம மாட்டுக்குச் செஞ்சு போட்டிருக்கறான். வெள்ளைக்காரனே நம்ம சாமிக்குப் பயந்திருக்கறான் பாரு!" என்று தொடையைத் தட்டினார். ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது.

இப்போது நினைத்தால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் ஊரில் அன்று ஆண்களுக்கு வேட்டியும் துண்டும், பெண்களுக்குச் சேலை ஒன்றே. ரவிக்கை என்று ஒன்று கிடையாது. தைத்த துணி போட்டவர் கணக்குப்பிள்ளை மட்டும்தான், அவரும் அதை யார் எப்படித் தைத்தார்கள் என்று பார்த்தவர் அல்ல. ஊசி என்றால் எங்களுக்கு மூட்டை தைக்கிற கோணி ஊசிதான். நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தாலும் அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சாமி தன் மாட்டைத் திருப்பிக் கேட்கிறது என்று அப்பாரு முடிவு செய்தார். சாமி மாடு என்றால் ஏரில் பூட்டக் கூடாது, சந்தையில் விற்கக் கூடாது, சாகும்வரை ராஜாவாகத் திரியலாம். இரண்டு கன்றில் எது என்று சாமியிடமே கேட்டுவிடுவது என்றார். கேட்கிற முறை உங்களுக்குத் தெரியும். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் எது உடம்பை உதறுகிறதோ, அது சாமிக்குச் சம்மதம்.

இரண்டையும் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி முதலில் என் மயிலைமேல்தான் ஊற்றினார். மயிலை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மூக்கில் வழிந்ததை நக்கிக்கூடப் பார்த்தது. இன்னொரு செம்பு ஊற்றினார், அசையவில்லை. பிறகு செவலைமேல் ஒரு கை தெளித்தார். அது கொம்பு நுனியிலிருந்து வால் வரை உதறிய உதறலில் பூசாரி முகமெல்லாம் மஞ்சள்.

குலவை போட்டார்கள். சித்தப்பா மகள் கைதட்டிக் குதித்தாள். நான் மயிலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஏன் உதறவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் குளிப்பாட்டித் தண்ணீருக்குப் பழக்கி வைத்தவளே நான்தானே! அவள் ஒரு நாள்கூடக் குளிப்பாட்டாததால் அவள் கன்று உதறியது. பாடுபட்ட எனக்குச் சந்தை, சோம்பேறிக்குச் சாமி. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, எனக்கு உண்மையாகவே எரிந்தது.

அரக்கைக் காய்ச்சி அப்பாரு தம் கையாலேயே செவலையின் வலது கொம்பில் குப்பியை ஒட்டினார். ஊர்க்காரர்கள் வந்து தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அதோடு விட்டாளா அவள்? மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாமல் கூடையும் அரிவாளுமாகக் கிளம்பிவிடுவாள். வரப்பு வரப்பாகப் புல் அறுத்துச் சுமந்து வந்து கட்டுத்தரையில் கொட்டுவாள். விரலெல்லாம் கீறல். இத்தனை நாள் சாணிகூட வழிக்காதவள், சாமி மாடு ஆனதும் சேவை செய்கிறாளாம்! அப்பாரு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிப்பார். நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மார்கழி நடுவில் அப்பா கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். நான் அழுது அடம்பிடித்து வண்டியில் ஏறிக்கொண்டேன். செவ்வாய்ப்பேட்டையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மிளகாய் நெடி, வெல்ல மண்டியின் ஈ, மூட்டை தூக்குகிறவர்களின் ஏலேலோ. அப்பா மண்டிக்குள் போய்விட்டார். என்னை எதிர்த்த ஜவுளிக் கடை வாசலில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு தையற்காரர் கோட்டுக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நடுவிரலில் பித்தளைக் குப்பி. மேலெல்லாம் புள்ளி புள்ளியாகக் குழி.

நான் கத்தியே விட்டேன். "அது என்னுங்க விரல்ல?"

"இதுவா அம்மிணி? அங்குஸ்தான். ஊசிய அழுத்தறப்ப விரல்ல குத்தாம இருக்கறதுக்கு. ஊசிக் கொண்டை வழுக்காம நிக்கத்தான் இந்தக் குழி" என்று தைத்துக் காட்டினார்.

"வெள்ளியில இருக்குமுங்களா? பூவு போட்டு, எழுத்துப் போட்டு?"

"தொரைசானிங்க வெச்சிருப்பாங்க. நானே ஒன்னு பாத்திருக்கறேன். இங்கிலீசு இல்ல, வேற ஏதோ சீமை எழுத்து. போதமலைப் பக்கம் ஒரு தொரை கூடாரம் போட்டு வேட்டையாட வருவாராம், அவரு சம்சாரம் தைக்கக் குடுத்துச்சு."

அவ்வளவுதான். எந்தத் துரைசானியோ எங்கள் காட்டில் உட்கார்ந்து தைத்துவிட்டுத் தவறவிட்ட விரல் மூடி எங்கள் வீட்டுச் சாமி மாட்டின் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது! வண்டி திரும்பும் வழியெல்லாம் நான் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அப்பாவிடம் சொன்னால் அடக்கிவிடுவார். ஊர் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டும். அவள் முகம் போகிற போக்கை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மயிலையைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய் அது.

தை பிறந்து, மாடுகளுக்கான பட்டிப்பொங்கல் வந்தது. கட்டுத்தரையில் சாணியால் அணை கட்டித் தெப்பக்குளம் செய்து, மஞ்சள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். பங்காளிகள், ஒறம்பரை எல்லோரும் நின்றார்கள். சேலத்திலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமன், சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தெப்பத்தை மிதித்துத் தாண்டப் போகும் முதல் கன்று சாமி கன்று. ஆணியில் இரண்டு மாலை தொங்கியது. ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து அவளே உட்கார்ந்து கட்டியது. கழுத்துக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்றாக்கும், இந்தச் சாணிக்கன்றுக்கு இரட்டை மாலை கேட்கிறதா என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பாரு, அது கொம்புக் குப்பியே இல்லீங்க! துணி தைக்கறவங்க விரல்ல மாட்டறது! செவ்வாப்பேட்டைத் தையக்காரரு சொன்னாருங்க!"

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அதற்குள் மாமன் குனிந்து செவலையின் கொம்பை உற்றுப் பார்த்து, அப்பாருவிடம், "அட, ஆமாங்க மாமா! தையக்காரன் விரல் குப்பிதானுங்க இது. இதையா கும்புட்டுட்டு இருக்கறீங்க?" என்று சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்ததும் எல்லோருக்கும் வந்துவிட்டது. கும்பிட்டுப் போனவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

அப்பாரு சிரிக்கவில்லை. செவலையின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக் குப்பியைத் திருகினார். கன்று கத்தியது. அரக்கோடு பெயர்ந்து வந்ததைத் தம் விரலில் வைத்துப் பார்த்தார். அவருடைய மண்வெட்டி பிடித்த விரலில் நுனிகூட நுழையவில்லை. குப்பைமேட்டுப் பக்கம் வீசி எறிந்தார். ஆணியிலிருந்த மாலை இரண்டையும் பிய்த்துத் தெப்பக்குளத்தில் போட்டார்.

"ரெண்டு சனியனையும் வர்ற சந்தைக்கு ஓட்டுங்க. எம் மூஞ்சில முழிக்கப்படாது."

இரண்டையுமா? நான் அப்பாருவின் காலைப் பிடித்தேன். மயிலை என்ன செய்தது என்று கேட்டு அழுதேன். அவர் காலை உதறிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா மகள் என்னைத் திட்டுவாள், சடையைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தேன். நானும் இழுக்கலாம் அல்லவா? அவள் தெப்பத்தில் மிதந்த பூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சந்தைக்குப் போகிற அன்று இரண்டு கன்றையும் ஒரே வண்டியின் பின்னால் கட்டினார்கள். நான் வேலிவரை ஓடினேன், மயிலை மயிலை என்று கூப்பிட்டேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவலையின் கழுத்தோடு தன் கழுத்தை உரசிக்கொண்டே போயிற்று. நான் குளிப்பாட்டிய கன்றுக்கும் அவளுடைய கன்றுதான் வேண்டியிருந்தது.

குப்பைமேட்டைக் கிளறிக் குப்பியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது. கல்யாணமாகிச் சேலம் வந்தபோதும் மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்தேன். பிற்காலத்தில், மருமகளின் தம்பி ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது அவனிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஜெர்மன் எழுத்து அத்தை. 'என்னை மறந்துவிடாதே' என்று போட்டிருக்கிறது. அந்தப் பூவுக்கும் அதுதான் பெயர்" என்றான். என் சுருக்குப் பையிலேயே கிடக்கிறது, மறக்கவா விடும்?

போன தையில் ஒரு கல்யாணத்துக்குச் சேலம் வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். ஆமாம், சித்தப்பா மகள்தான். பல் ஒன்றுகூட இல்லை. அப்போதும் லட்சணமாகத்தான் இருந்தாள். காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். மலைப்பக்கம் மழை இல்லை என்றாள், மூட்டுவலி என்றாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"ஏனக்கா, அந்தக் குப்பி என்னாச்சுன்னு தெரியுமா?"

"ஆரு கண்டா? குப்பையோட காட்டுக்குப் போயிருக்கும்" என்றேன். என் இடுப்பில்தான் இருந்தது.

"போகட்டும். நீ மட்டும் அன்னைக்கு ஒரு நாழி பொறுத்திருந்தா ரெண்டு கன்னும் நின்னிருக்கும்."

"என்ன சொல்ற?"

"மயிலையும் நிக்கட்டுமுன்னு நாந்தான் அப்பாருகிட்டக் கேட்டுட்டு இருந்தேன். சாமி மாடு தனியா மேயாதுங்க, சோடி வேணுமுங்கன்னு. தீவனத்துக்கு எங்க போறதுன்னு கேட்டாரு. நான் அறுத்துப் போடறேனுங்கன்னு சொன்னேன். மார்கழி பூரா அறுத்துக் காட்டு, பாக்கலாமுன்னாரு. அறுத்துக் காட்டினேன். சரின்னுட்டாரு. தெப்பம் மிதிக்கறப்ப ரெண்டு கன்னையும் சேத்து ஓட்டி ஊருக்கே சொல்றதுன்னு இருந்தோம். அதுவரைக்கும் அக்காகிட்டச் சொல்லிராதீங்கன்னு நாந்தான் அப்பாரு வாயக் கட்டி வெச்சேன்." சிரித்தாள். "ரெண்டு மாலை கட்டித் தொங்கப் போட்டிருந்தனே, நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"ரெண்டு எதுக்குன்னு நெனச்ச?"

"இத்தனை வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அழுவ. அப்பவே மயிலைக்காக எத்தன நாள் அழுத!" என்று என் கையைத் தடவினாள். அந்த விரல்களில் அரிவாள் கீறின பழைய வெள்ளைத் தழும்புகள் இரண்டு மூன்று இருந்தன.

என் கை சுருக்குப் பைக்குள் போயிற்று. குப்பி விரலில் பட்டது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டால் போதும், வேறொன்றும் சொல்ல வேண்டாம். எடுக்கவில்லை. நான் விடிய விடியப் போர்த்திக்கொண்டு படுத்து வெந்துகொண்டிருந்தபோது அவள் பனியில் என் கன்றுக்குப் புல் அறுத்திருக்கிறாள். அந்த மனசும் அவளுக்குத்தானா கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு அப்போதும் எரிந்தது. இதாவது என்னிடம் இருக்கட்டும் என்று பையை இறுக்கிக் கட்டினேன்.